மணிலாக் கரையில் சென்னைச் சிப்பாய்கள்

வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களைப் பிறந்தகமாகக் கொண்ட குடும்பங்களில் நிலக்கடலையை மணிலாக்கொட்டை என்று வழங்கும் வழக்கம் இன்னும் அழிந்துவிடவில்லை. அச்சொல்லே பேச்சில் தேய்ந்து மல்லாட்டையாயிற்று. ஹைதராபாத்துக் கடைத்தெருவில் பல்லி என்று கேட்டு வாங்குகிறோமே, அதே கடலைதான். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அப்பயிர் ஸ்பானியரின் கப்பல்களிலேறிப் பசிபிக் பெருங்கடலைக் கடந்து மணிலாவுக்கு வந்தது. மணிலாவின் பெயரைச் சுமந்துகொண்டு அது நம் ஊர்க் கொல்லைமேட்டுக்கும் வந்து சேர்ந்தது என்றால், இரு கரைகளுக்குமிடையே போக்குவரத்து இருந்திருக்க வேண்டுமன்றோ? இருந்தது. கடலையும் துணியும் வெள்ளியும் மட்டும் அவ்வழியே செல்லவில்லை. ஒருமுறை ஒரு படையும் சென்றது. சென்னையிலிருந்து சென்ற அப்படையில் நம்மவர் அறுநூறு பேர் இருந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் திரும்பி வரவேயில்லை. பிலிப்பைன் மக்கள் தங்கள் விடுதலை வீரர் வரிசையில் வைத்துப் போற்றும் இருவரின் வரலாறு அப்படையோடு பின்னிக் கிடக்கிறது. அதை நம் சங்கத்தாருக்குச் சொல்லவே இக்கட்டுரை. ஆந்திர, தெலங்கானா, தமிழ்நாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் மருத்துவக் கல்விக்காகத் தாவாவோவுக்கும் மணிலாவுக்கும் செல்லும் இக்காலத்தில், இது அறியத்தக்க செய்தியும் ஆகும்.

முதலில் வாணிகத்தைச் சிறிது பார்ப்போம். 1521-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-இல் மாக்டான் என்னும் சிறு தீவின் தலைவனாகிய லாப்புலாப்புவின் ஆட்கள், மெகல்லனைக் கடற்கரையிலேயே கொன்றனர். ஆயினும் அரை நூற்றாண்டுக்குள் ஸ்பானியர் மீண்டும் வந்தனர். 1571-இல் லெகாஸ்பி மணிலாவைத் தலைநகராக்கினான். தீவுகளுக்கு ஸ்பெயின் மன்னன் பிலிப்பின் பெயர் நிலைத்தது. மெக்சிகோவின் அகாபுல்கோ துறையிலிருந்து ஆண்டுதோறும் வெள்ளிக் காசுகளை ஏற்றிய கப்பல் மணிலாவுக்கு வரும். அவ்வெள்ளியைக் கொடுத்துச் சீனப் பட்டையும் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியையும் வாங்குவர். ஆங்கிலேயர் அங்கே நேரே வாணிகம் செய்ய ஸ்பானியர் இசையவில்லை. ஆகவே சென்னைச் சரக்கு பிறர் பெயரிலும் பிறர் கொடியிலும் சென்றது. சென்னையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தை முதன்முதல் கட்டுவித்த ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான், மணிலா வாணிகத்திலே பெரும்பொருள் ஈட்டியவர். பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவரும் அவரே. சைதாப்பேட்டைப் பக்கம் ஆற்றைக் கடந்த நம் முன்னோர், மணிலா வெள்ளியின்மேல் நடந்தனர் என்று சொன்னாலும் பொருந்தும்.

ஏழாண்டுப் போர் என்று ஐரோப்பியர் குறிக்கும் போரில் 1762-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஸ்பெயினும் ஆங்கிலேயருக்கு எதிராக இறங்கிற்று. சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டபோது (1758-59) உள்ளிருந்து போரிட்டவன் வில்லியம் டிரேப்பர் என்னும் கர்னல். மணிலாவின் அரண் வலிவற்றது, செல்வமோ மிகுதி என்று அவன் இலண்டனில் எடுத்துரைத்து இசைவு பெற்றான். சென்னைக் கும்பினியார்க்கு இதில் பேருவகை இல்லை. பிரெஞ்சுக்காரரை அடக்கி ஓராண்டே ஆகியிருந்தது. இருக்கும் படையைக் கடலுக்கப்பால் அனுப்ப அவர்கள் தயங்கினர். கொள்ளையில் மூன்றிலொரு பங்கு கும்பினிக்கு என்று பேசி முடித்த பின்னர், தங்களால் இயன்றதைத் திரட்டிக் கொடுத்தனர்.

திரட்டிய கூட்டம் வியப்பானது. மன்னரின் 79-ஆம் படைப்பிரிவு ஒருபுறம். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடி வந்தோரும் சிறைப்பட்டோரும் ஒருபுறம். இந்தியப் போர்ச்சுகீசியக் கலப்பினத்தார் ஒரு கம்பெனி. ஆயுதமில்லாத லஸ்கர்கள் நூற்றுக்கணக்கில். காப்பிரிகள் என்று அக்காலம் அழைக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களும் இருந்தனர். இவர்களுடன் சென்னைப் படையின் சிப்பாய்கள் ஏறத்தாழ அறுநூறு பேர். அவர்களுள் தமிழர் உண்டு, தெலுங்கர் உண்டு, முஸ்லிம்கள் உண்டு. துறைமுகமே இல்லாத அக்காலச் சென்னையில் மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிச் சென்று கப்பலேறினர். ஜூலை இறுதியிலும் ஆகஸ்டு முதல் நாளிலுமாகக் கப்பல்கள் பாய் விரித்தன.

ஆப்பிரிக்கர் என்றதும் நம் ஹப்சிகுடாவாசிகள் ஒருகணம் நிற்க வேண்டும். அபிசீனியாவை அரபு மொழியில் ஹபஷ் என்பர். அந்நாட்டார் ஹப்சிகள். அவர்கள் குடியிருந்த இடமாதலின் இவ்வூர் ஹப்சிகுடாவாயிற்று என்பது வழக்கு. நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலரின் பெயர் ஏ.ஸி. கார்ட்ஸ் என்று நகரின் மற்றொரு பகுதிக்கும் நிலைத்துவிட்டது. தாய்நாடு ஒன்று, சோறு போட்ட அரசு ஒன்று, போரிட்ட நிலம் வேறொன்று என்று வாழ்ந்தோர் பெயர் தாங்கிய ஊரில் நாம் வாழ்கிறோம். மணிலாவுக்குச் சென்ற சென்னைச் சிப்பாயின் நிலையும் அதுவேதான்.

இன்னொரு பொருத்தமும் சொல்லத் தோன்றுகிறது. சென்னையில் கப்பல்களுக்குப் பொருள் ஏற்றிக்கொண்டிருந்த அதே 1762 ஜூலையில், இங்கே தக்காணத்தில் நிஜாம் அலி கான் தம் அண்ணன் சலாபத் ஜங்கை நீக்கிவிட்டு ஆட்சியைக் கைப்பற்றினார். சலாபத் ஜங் பீதர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். இச்செய்தி பின்னர் வேண்டியிருக்கும்.

செப்டம்பர் 23-இல் கப்பல்கள் மணிலா விரிகுடாவினுள் நுழைந்தன. போர் மூண்ட செய்தியே மணிலாவுக்கு எட்டியிருக்கவில்லை! ஆளுநர் பதவியைப் பார்த்துவந்தவர் ரோஹோ என்னும் தலைமைக் குரு. மறுநாள் மலாத்தே என்னும் இடத்தில், பெருத்த அலைகளுக்கிடையே, படை கரையிறங்கியது. மழைக்காலம். படகுகள் கவிழ்ந்து வெடிமருந்து நனைந்தது. ஆயினும் பீரங்கிகள் மதிலுக்கு எதிரே நிறுத்தப்பட்டன. நகரம் வீழ்வதற்குச் சில நாள் முன்பு, பம்பாங்கா நாட்டு மக்கள் வில்லும் ஈட்டியும் தாங்கி, துப்பாக்கிகளுக்கெதிரே பாய்ந்து வந்து தாக்கினர். அஞ்சாது பாய்ந்து மாண்ட அவர்தம் வீரத்தைப் பகைவரே எழுதி வைத்துள்ளனர். அவர்கள் காத்து நின்றது எதை? தங்களிடம் திறை வாங்கிய ஸ்பானியனின் மதிலை. எதிரே நின்ற நம் சிப்பாய் காத்தது எதை? தன் ஊரைத் தின்றுகொண்டிருந்த கும்பினியின் வாணிகத்தை. இருவருக்கும் தம்முள் யாதொரு பகையும் இல்லை. இப்போரில் நாம் மிகவும் வருந்தி எண்ணும் இடம் இதுவே.

ஆங்கிலேயர் குறிப்பின்படி அக்டோபர் 6-இல் மதில் உடைந்தது. ஸ்பானியர் குறிப்பில் அது அக்டோபர் 5. பிழையன்று. ஸ்பானியர் அமெரிக்கா வழியாக மேற்கு நோக்கி வந்தவராதலின் மணிலாவின் நாட்கணக்கு நம் கணக்குக்கு ஒரு நாள் பிந்தியே ஓடிற்று. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாளை அடியோடு விட்டுவிட்டே அதைச் சரிசெய்தனர். நகரம் கொள்ளையிடப்பட்டது. கொள்ளையை நிறுத்த 40 இலட்சம் வெள்ளிக் காசு விலையாகப் பேசப்பட்டது. முழுத்தொகையும் ஒருநாளும் வந்து சேரவில்லை. நவம்பரில் கும்பினியின் ஆளாக டாஸன் டிரேக் என்பவர் மணிலாவின் ஆளுநரானார். ஆனால் சிமோன் தெ ஆந்தா என்னும் ஸ்பானிய நீதிபதி நகரைவிட்டுத் தப்பி, பம்பாங்காவில் தானே ஆளுநர் என்று முரசறைந்து நின்றார். மணிலாவையும் கவித்தே துறையையும் தாண்டிக் கும்பினியாரின் ஆணை அதிகம் செல்லவில்லை.

இங்கேதான் தியேகோ சிலாங் வருகிறார். வட லூசோனின் இலோகோஸ் நாட்டவர். 1730-இல் பிறந்தவர். விகான் நகருக்கும் மணிலாவுக்குமிடையே கடித மூட்டை கொண்டு சென்ற தூதர். ஊர் ஊராக நடந்தவராதலின் திறையும் கட்டாய உழைப்பும் குடிகளை வாட்டுவதை வழியெல்லாம் கண்டவர். மாவட்ட அதிகாரியே வணிகனாகவும் இருந்து குடியானவனிடம் அடிவிலைக்கு வாங்குவதும் அக்கால வழக்கம். மணிலா வீழ்ந்த செய்தி கேட்டதும் அவர் முதலிற் செய்தது கலகம் அன்று. இலோகானோப் படையைத் திரட்டி ஆங்கிலேயரை எதிர்க்கிறேன், இசைவு தருக என்று ஸ்பானியரிடமே கேட்டார். அவர்கள் அவரைச் சிறையிலிட்டனர். வெளிவந்த பின்னரே, எங்களைக் காக்க மாட்டாத உங்களுக்குத் திறை எதற்கு என்னும் கேள்வியை எழுப்பினார். அக்கேள்விக்கு அன்று விடை சொல்ல ஆளில்லை. 1762 டிசம்பரில் விகான் அவர் வசமாயிற்று. நாசரேத்து இயேசுவே எங்கள் படைத்தலைவர், யான் அவருக்குக் கீழ்ப்பட்ட சேவகன் என்று அறிவித்தார். கிறிஸ்துவ சமயத்தைத் தந்த ஸ்பானியனை அச்சமயத்தின் பெயராலேயே அவர் எதிர்த்தது எண்ணத்தக்கது.

துணை வேண்டி மணிலாவிலிருந்த ஆங்கிலேயருக்கு எழுதினார். அவர்கள் பட்டம் அனுப்பினர், பரிசு அனுப்பினர். படை அனுப்பவில்லை. 1763 மே 28-இல், அவருடைய பழைய நண்பனாகிய மிகுவேல் விகோஸ், ஸ்பானியரின் தூண்டுதலால், அவருடைய வீட்டிலேயே அவரைச் சுட்டுக் கொன்றான். பேத்ரோ பெக்பெக் என்பவனும் உடந்தை.

சிலாங்கின் மனைவி காபிரியேலா ஓய்ந்திருக்கவில்லை. அப்ரா மலைநாட்டுக்குச் சென்று ஆட்களைச் சேர்த்துச் செப்டம்பர் 10-இல் விகானைத் தாக்கினார். தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அவருடைய ஆட்கள் பலர் கடற்கரையூர்களில் தூக்கிலிடப்பட்டனர். செப்டம்பர் 20-இல் விகானில் அவரும் தூக்கிலிடப்பட்டார். வயது முப்பத்திரண்டு. ஒன்பது ஆண்டு கழித்துக் காளையார்கோயிலில் கணவரை இழந்து, 1780-இல் சிவகங்கையை மீட்ட நம் வேலு நாச்சியாரைப் பற்றிக் கேட்ட செவிக்கு இவ்வரலாறு அந்நியமாய் ஒலிக்காது. நாச்சியாருக்குக் கிட்டிய வெற்றி காபிரியேலாவுக்குக் கிட்டவில்லை. மணிலாவை அடுத்த மக்காத்தி நகரில் குதிரைமேல் வாளோங்கி விரையும் அவருடைய சிலையைக் காணலாம்.

ஆங்கிலேயர் ஏன் படை அனுப்பவில்லை? படை குறைவு என்பது ஒரு காரணம். ஆனால் படை இருந்தாலும் பயன் இராது. 1763 பிப்ரவரி 10-ஆம் நாளே பாரிஸ் நகரில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. அதன் பூர்வாங்கப் பத்திரம் கையெழுத்தான 1762 நவம்பரில் மணிலா வீழ்ந்த செய்தியே ஐரோப்பாவை எட்டவில்லை. செய்தி எட்டாத நாட்டை யார் பெற்றிருந்தாலும் ஈடின்றித் திருப்பித் தரவேண்டும் என்று ஒரு விதி எழுதினர். மணிலா அவ்விதியில் அடங்கிற்று. சிலாங் கொலையுண்டபோது அந்தக் கையெழுத்துக்கு மூன்று மாதத்துக்கு மேல் வயது.

அதே உடன்படிக்கையில் நமக்குரிய ஒரு விதியும் உண்டு. அது பதினோராம் விதி. ஆர்க்காட்டுக்கு முகமது அலியே நவாபு, தக்காணத்துக்குச் சலாபத் ஜங்கே சுபேதார் என்று ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதில் ஒப்புக்கொண்டனர். சலாபத் ஜங் ஏழு மாதமாகப் பீதரில் சிறைக்கைதி! அவ்வாண்டே அவர் கொல்லவும்பட்டார். மணிலாவையும் ஆர்க்காட்டையும் ஹைதராபாத்தையும் ஒரே காகிதத்தில் பங்கிட்டவர்களுக்கு, அங்கெல்லாம் யார் ஆள்கிறார் என்பதுகூடத் தெரிந்திருக்கவில்லை.

அக்காகிதம் மதுரையில் ஒருவரையும் தனியே விட்டது. மருதநாயகம் என்று மக்கள் வழங்கும் கான்சாகிபு யூசுப்கான் அவர். லாலி சென்னையை முற்றுகையிட்டபோது டிரேப்பர் கோட்டைக்குள்ளிருந்து போரிட, செங்கற்பட்டுப் பக்கமிருந்து லாலியின் படையை வெளியே அலைக்கழித்தவர் இவர். அதாவது மணிலாவை வென்றவனும் மதுரையில் கலகம் செய்தவரும் ஒரு காலத்தில் ஒரே பக்கத்தில் நின்றவர்கள். கும்பினியின் சிப்பாய்ப் படைக்குத் தலைவராய், மதுரை திருநெல்வேலிச் சீமைகளின் ஆளுநராய் உயர்ந்த அவர், நவாபுக்கும் கும்பினிக்கும் பணிய மறுத்து 1763-இல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். பிரெஞ்சு அரசோ பாரிஸில் ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டது. ஓராண்டுக்கு மேல் மதுரை தாக்குப்பிடித்தது. இறுதியில், 1764 அக்டோபரில், சீனிவாசராவும் மார்ஷான் என்னும் பிரெஞ்சுக்காரனும் பிறரும் தொழுகைவேளையில் அவரைப் பிடித்துக் கட்டிக் காட்டிக்கொடுத்தனர். 15-ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பட்டார்.

சிலாங்கும் யூசுப்கானும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டும் இருந்திருக்கமாட்டார்கள். எனினும் ஒரே பதினெட்டுத் திங்களுக்குள் இருவரும் ஒரே கணக்கைப் போட்டனர். ஒரு வெள்ளையனை விலக்க இன்னொரு வெள்ளையனின் கையைப் பற்றலாம் என்பது அக்கணக்கு. பற்றிய கை பாரிஸிலிருந்து பின்னுக்கு இழுக்கப்பட்டது. முடித்துவைத்தவர் இருவருக்கும் உள்ளாட்களே. சிலாங்கைப் பிலிப்பைன் மக்கள் தயக்கமின்றி வீரர் வரிசையில் வைத்தனர். நாம் யூசுப்கானிடம் இன்னும் தயங்குகிறோம். அத்தயக்கத்தை முற்றும் குறைகூற இயலாது. நெற்கட்டுஞ்செவ்வல் புலித்தேவரின் கோட்டைகளை 1761-இல் கும்பினிக்காகப் பிடித்தவர் அவர்தாமே. ஆயினும் கும்பினியின் உப்பைத் தின்றவன் கும்பினியை எதிர்க்கவே கூடாது என்றால், சிப்பாயாகப் போன எவருக்கும் வரலாற்றில் இடமில்லாமற் போகும். ஒரு மனிதரின் கடைசி மூன்றாண்டுகளையும் முன்னாண்டுகளோடு சேர்த்து நிறுப்பதே நியாயம் என்பது எம் கருத்து.

பிற்காலப் பிலிப்பைன் வரலாறு பலர் அறிந்தது. சுருங்கச் சொல்வோம். கோமஸ், புர்கோஸ், ஸாமோரா என்னும் மூன்று குருமார்களை 1872 பிப்ரவரி 17-இல் ஸ்பானியர் பொய்க்குற்றம் சாட்டிக் கொன்றனர். அப்போது கலம்பா ஊரில் பத்து வயதுச் சிறுவராயிருந்தவர் ஹோசே ரிசால். கண் மருத்துவரான அவர் 1882-இல் ஐரோப்பா சென்றபோது அவருடைய கப்பல் இலங்கையின் காலித் துறையிலும் கொழும்பிலும் நின்று சென்றது. 1887-இல் பெர்லினிலும் 1891-இல் கென்ட் நகரிலும் அச்சான இரு நாவல்களால் ஸ்பானியக் குருமாரின் ஆட்சியை அம்பலப்படுத்தினார். இரண்டாம் நாவல் அம்மூன்று குருமார்க்கே காணிக்கை. அவர் வாளெடுத்தவர் அல்லர். 1896-இல் மூண்ட புரட்சியையும் காலம் கனியவில்லை என்று மறுத்தவர். ஸ்பானியர் அவரையே டிசம்பர் 30-இல் சுட்டுக் கொன்று, புரட்சிக்கு இல்லாத வலிமையைத் தாமே தந்தனர். வாளெடுத்தவர் போனிபாசியோ. மணிலாவில் கிடங்கில் வேலை செய்த ஏழை. ரிசால் நாடுகடத்தப்பட்ட 1892 ஜூலையிலேயே கத்திபூனான் என்னும் மறைவியக்கத்தைத் தொடங்கியவர். அவர் உயிரைப் போக்கியவர் ஸ்பானியரல்லர். 1897 மே மாதத்தில் அகினால்டோவைத் தலைவராகக் கொண்ட தம்மவரே அவருக்கு மரணதண்டனை விதித்தனர். 1898 ஜூன் 12-இல் அகினால்டோ விடுதலையை அறிவித்தார். ஆறு மாதத்துக்குள் அதே பாரிஸ் நகரில் ஸ்பெயின் அந்நாட்டை இரண்டு கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. அங்கும் பிலிப்பைன் மக்களைக் கேட்கவில்லை. 1946-இல்தான் விடுதலை கிட்டியது. ரிசாலின் வாழ்வையும் நூல்களையும் எல்லாப் பள்ளி கல்லூரிகளிலும் கற்பிக்க வேண்டும் என்று 1956-இல் அந்நாட்டார் சட்டமே இயற்றினர்.

நம் சிப்பாய்களை நடுவழியில் விட்டுவிட்டோம். 1764 ஏப்ரலில் ஆங்கிலேயர் மணிலாவை ஸ்பானியரிடம் ஒப்புவித்துக் கப்பலேறினர். டிரேப்பர் முன்பே இங்கிலாந்து சென்றுவிட்டான். பிரிஸ்டல் நகரில் தன் மாளிகைக்கு மணிலா என்றே பெயரிட்டு, 79-ஆம் படைப்பிரிவில் மாண்டோருக்கு நினைவுச் சின்னமும் எழுப்பினான். அது இன்றும் நிற்கிறது. சிப்பாய்கள் அப்படைப்பிரிவினர் அல்லர். அவர்களுக்குச் சென்னையிலும் கல் இல்லை, மணிலாவிலும் கல் இல்லை.

ஆனால் அவர்களுள் ஒரு பகுதியினர் படையிலிருந்து நழுவி அங்கேயே தங்கிவிட்டனர். மணிலாவுக்குக் கிழக்கே காயிந்தா, தைத்தாய் என்னும் ஊர்களில் குடியேறி, உள்ளூர்ப் பெண்களை மணந்து, உழவும் சிறுதொழிலும் செய்து வாழ்ந்தனர். மொழி போயிற்று. பெயர்களும் ஸ்பானியப் பெயர்களாயின. காயிந்தாவில் கருத்த மேனியும் நீண்ட மூக்கும் உடையோரைக் கண்டால் சிப்பாய் வழியினர் என்று அக்கம்பக்கத்தார் சுட்டுவர். காரே-காரே என்று பிலிப்பைனில் ஒரு குழம்பு உண்டு. நிலக்கடலையை அரைத்துவிட்டு இறைச்சியும் காய்களும் சேர்த்து ஆக்குவது. கறி என்னும் நம் சொல்லைச் சிப்பாய்கள் கொண்டுபோனதால் அப்பெயர் வந்தது என்பது அவ்வூர்க் கதை. மொழிநூலார் ஒப்புவரோ என்னவோ, உண்போர் ஒப்புகின்றனர்.

காயிந்தா இருக்கும் மாகாணம் 1901-இல் அமைக்கப்பட்டது. அதற்கு ரிசால் என்றே பெயரிட்டுள்ளனர். மணிலாவிற் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு விடுமுறை நாளில் பேருந்திலேயே சென்று திரும்பக்கூடிய தொலைவுதான். தாயாப் என்னும் பகுதி எது என்று கேட்டால் வழி சொல்வார்கள்.